மணிக்காரர் கணினியான படலம்

கணினிச் சிந்தனை இயக்ககத்துக்குச் சொந்தமாக ஒரு கணினிகூடக் கிடையாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் அவ்வியக்ககத்துக்கு நாம் செய்யும் மரியாதை. ஏழு மாடிக் கட்டடம், மாடிக்கு நாற்பது மேசை, மேசைக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு இரண்டு முத்திரை என்று செழித்து விளங்கிய அந்நிலையத்தில், சிந்தனை மேலேயும் கணினி கீழேயும் இருக்க வேண்டும் என்பது கொள்கை. மேலே சிந்தித்தார்கள். கீழே, அதாவது தொடக்கப் பள்ளிகளில், கணினி இருந்தாக வேண்டும்.

அவ்வாறு சிந்தித்துச் சிந்தித்து அவர்கள் அருளிய சுற்றறிக்கை, ஒரு திங்கட்கிழமை காலையில், ஐந்து வகுப்புகளும் நூற்றிருபது பிள்ளைகளும் கொண்ட ஒரு சிறு பள்ளியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பாயிரம் மட்டுமே பதினொரு பக்கம். அதன் பொழிப்பு இது: இனிவரும் குழந்தைகள் எந்தச் சிக்கலையும் சிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள், துண்டுகளை வரிசைப்படுத்துவார்கள், வரிசையைக் கட்டளைகளாக எழுதுவார்கள், கணினி அவற்றைச் செய்து முடிக்கும், அதன்பின் உலகில் சிக்கல் என்று ஒன்று இராது. நூலின் முடிவில் ஒரு படிவம் இருந்தது. 'பள்ளியில் கணினி' என்று அச்சிட்டு, எதிரே 'உண்டு' என்று ஒரு சிறு சதுரம். 'இல்லை' என்பதற்குச் சதுரம் இல்லை.

தலைமையாசிரியை படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பிறகு இயக்ககத்தைத் தொலைபேசியில் அழைத்து, இணை இயக்குநர் என்னும் பெரியவரிடம் தம் ஐயத்தை விண்ணப்பித்துக்கொண்டார்.

"இல்லைன்னு எழுத நாங்க இடமே வைக்கலையேம்மா. வைக்காத இடத்துல நீங்க எப்படி எழுதுவீங்க?" என்றார் அவர்.

கணினி அனுப்பி வைப்பீர்களா என்று கேட்டதற்கு, அது வேறோர் இயக்ககத்தின் பொறுப்பு, அவ்வியக்ககம் இன்னும் தொடங்கப்படவில்லை என்று விடை வந்தது. ஆயினும் இணை இயக்குநர் இரக்கமற்றவர் அல்லர். சுற்றறிக்கையின் மூன்றாம் இணைப்பில் கணினிக்கு இலக்கணம் வகுத்திருப்பதை அவரே எடுத்துக்காட்டினார். "கட்டளையை வாங்கணும். சொன்னதைச் சொன்னபடி செய்யணும். முடிஞ்சதும் முடிஞ்சதுன்னு சொல்லணும். அவ்வளவுதாம்மா கணினி. அப்படி ஒண்ணுகூடவா உங்க பள்ளிக்கூடத்துல இல்ல?"

அந்நேரம் பார்த்து மணிக்காரர் அறைவாசலில் வந்து நின்றார். "முதல் மணி அடிச்சாச்சும்மா. முடிஞ்சது," என்றார்.

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். தொலைபேசியைக் கீழே வைத்தார். 'உண்டு' என்ற சதுரத்தில் ஒரு கோடு போட்டார்.

மணிக்காரர் இருபத்தாறு ஆண்டுகளாக அப்பள்ளியில் மணி அடிப்பவர். மணி அடிப்பது பெயருக்குத்தான். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, காய்ச்சல் கண்ட பிள்ளையை முகக்குறிப்பாலேயே அறிந்து வீட்டில் கொண்டுபோய் விடுவது, வானம் கறுத்தால் மழைக்கு முந்திக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னதாகவே மணியடித்துப் பிள்ளைகளை நனையாமல் வீடு சேர்ப்பது, எல்லாம் அவர்தான். இவற்றில் ஒன்றையேனும் செய்யும்படி யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அதுதான் பின்னால் குற்றமாகப் போயிற்று.

புதன்கிழமை இணை இயக்குநரே நேரில் எழுந்தருளினார். கையோடு ஒரு சிறு ஒட்டுச்சீட்டு. அதில் நானூற்றுப் பதினேழு என்ற எண். அதை மணிக்காரரின் சட்டைப்பையின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி, இருப்புப் பதிவேட்டில் 'மர அலமாரி, ஒன்று' என்பதற்கும் 'உலக உருண்டை, ஒன்று, அடி கழன்றது' என்பதற்கும் இடையில் 'கணினி, ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதுவித்தார். ஊழியர் பதிவேட்டில் மணிக்காரர் என்ற இடத்துக்கு நேரே 'காலி' என்று எழுதப்பட்டது.

"நான் மனுஷன் சார்," என்றார் மணிக்காரர், சண்டைக்கு அல்ல, தகவலுக்காக.

"யார் இல்லைன்னா? எண் எது மேல ஒட்டியிருக்கோ அதுதான் கணினி. எங்க விதி ரொம்ப எளிமையானது. மனுஷனா இருக்குறதை நீங்க சாயந்திரம் வீட்டுல போய் வச்சுக்கலாம்."

மேலும் சில விதிகளையும் அவர் படித்தார். நான்காம் விதி: கருவி தன் சொந்த அறிவைப் பயன்படுத்தலாகாது. ஐந்தாம் விதி: பள்ளி வேளையில் கருவி, கட்டளை இருந்தாலன்றி வளாகம் தாண்டலாகாது. ஏழாம் விதி: ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைத்தொடரை நிறுத்தும் அதிகாரம் அதை எழுதிய மாணவருக்கே உண்டு, ஆசிரியர், அதிகாரி, பிறர் எவரும் இடையிற் புகலாகாது. "குழந்தைகளுடைய சிந்தனையில நாங்க தலையிடுறதே இல்ல," என்று ஏழாம் விதிக்கு உரையும் சொன்னார். "எங்களுக்குச் சிந்தனைன்னா அவ்வளவு மரியாதை. அதனாலதான் நாங்க அதைத் தொடுறதில்ல."

பொருள் வைப்பறையைக் காலிசெய்து, குளிர்பதனப்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை நிறுத்தி, முன்பக்கம் ஒரு துளை வெட்டினார்கள். உள்ளே ஒரு முக்காலி. முக்காலியில் மணிக்காரர். பிள்ளைகள் கட்டளையைச் சீட்டில் எழுதித் துளையில் போட வேண்டும். அவர் படித்து, வெளியே வந்து, எழுதியபடி செய்துவிட்டு, "முடிஞ்சது" என்று சொல்லி மீண்டும் உள்ளே புக வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு இது தேனாக இனித்தது. அவ்வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். யார் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்பதால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. இந்த அப்புறம் மட்டும் பெட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மற்றவர் எழுதும் சீட்டையெல்லாம் சோதிப்பாள். 'தண்ணீர் ஊற்று' என்று ஒருவன் எழுதினால், "எதுல? எவ்வளவு? அப்புறம்?" என்பாள். அவள் கேட்காமல் விட்ட சீட்டுகளின் பயனை வைப்பறையின் தரை அனுபவித்தது.

இரண்டாம் வாரத்தில் நிகழ்ந்தது மணி நிகழ்ச்சி. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், 'மணி அடி. அடித்து முடித்ததும் மறுபடி அடி' என்று எழுதிப் போட்டுவிட்டு, வயிற்றுவலி கண்டு வீட்டுக்குப் போய்விட்டான். முடிந்த அடியே தொடங்கும் அடியாக வந்து மண்டலிக்கும் அந்தாதியைப்போல அக்கட்டளை தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. மணிக்காரர் பத்தேகாலுக்கு அடிக்கத் தொடங்கினார். நிறுத்துங்கள் என்று தலைமையாசிரியை கெஞ்சினார்; ஏழாம் விதி நினைவுக்கு வந்து தாமே வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் கடைசி மணி என்று வீட்டுக்குப் போனார்கள். முதல் மணி என்று திரும்பி வந்தார்கள். இவ்வண்ணம் அன்று மூன்று முறை போய் மூன்று முறை வந்தார்கள். தீயணைப்பு வண்டியும் வந்து, தீயைத் தேடிவிட்டு ஏமாற்றத்தோடு போயிற்று. இரண்டு மணிக்கு, பையனை அவன் தாய் இடுப்பில் சுமந்து வந்து, "போதும்னு சொல்லுடா கண்ணு" என்று கேட்டுக்கொண்ட பிறகே ஓய்ந்தது. மணிக்காரரின் வலக்கை மூன்று நாள் சோற்றுக்கு உதவவில்லை. இணை இயக்குநரின் அறிக்கையோ, 'மீள்சுற்று என்னும் அரிய கருத்தை மாணவர் ஊர்முழுதும் உணரச் செய்தனர்' என்று அச்சாகி மற்றப் பள்ளிகளுக்குப் போயிற்று.

இதையெல்லாம் மணிக்காரர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத ஒன்று வீட்டில் காத்திருந்தது.

அவர் மனைவி நோட்டுக் கட்டும் பட்டறையில் தாள் தைப்பவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கும் வேலையை விரல்கள் பழக்கத்தால் செய்துவந்தன. ஆனால் சென்ற மாதம் இருநூறு நோட்டுகளைத் தலைகீழ்த் தாளோடு தைத்துவிட்டார். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள் என்று பட்டறை முதலாளி அனுப்பிவிட்டார். எட்டு மாதம் காத்திருந்து மருத்துவமனையில் ஒரு நாள் கிடைத்திருந்தது: வரும் வியாழன், பதினொரு மணி. கூட ஒருவர் வந்து கையெழுத்திட்டால்தான் அறுவை. இவர்களுக்குப் பிள்ளையில்லை. அந்நாள் தப்பினால் மறுபடி எட்டு மாதம். அதற்குள் பட்டறையில் அவர் முக்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

மணிக்காரர் விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனார். தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பதிவேடு பதிவேடுதான்.

"இருப்புப் பதிவேட்டுல இருக்குறதுக்கு லீவு கிடையாதுங்க. அலமாரி லீவு கேட்டா நான் என்ன பண்ணுவேன்? மணிக்காரருக்குக் குடுக்கலாம்னு பார்த்தா, அந்த இடம் காலி. காலி ஏற்கெனவே வரலை. வராதவருக்கு வராம இருக்க எப்படி அனுமதி குடுக்குறது?"

ஒரே ஒரு வழி உண்டு என்றும் அவரே சொன்னார். கருவி பழுதானால் அதை வெளியே அனுப்பலாம். அதற்குப் பழுது நோக்குநர் வந்து சான்று தர வேண்டும்.

பழுது நோக்குநர் வந்தார். மணிக்காரர் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தப்புச் செய்வதென்று உறுதிபூண்டார். நான்கும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டபோது, நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு "ஒன்பது" என்றார். நோக்குநர் ஒன்பது என்று குறித்துக்கொண்டார். மணிக்காரருக்கு மனம் பொறுக்கவில்லை. அது ஏழு, தாம் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தாமே எடுத்துக் கொடுத்தார்.

"கணினி தப்பாச் சொல்லாதுங்க. நான் கேட்டதுலதான் ஏதோ கோளாறு," என்றார் நோக்குநர், முகம் வாடி. 'கருவி மிக நலம். கேட்பவருக்குப் பயிற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, தம்மைத் தாமே ஆறு வாரப் பயிற்சிக்குப் பரிந்துரைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை மணிக்காரர் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். எண்ணைப் பற்றி மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒட்டுச்சீட்டு நனையாதபடி அந்தச் சட்டையை அவரே துவைத்துக் காயப்போட்டு வந்தார். மனைவியின் கண்ணுக்கு அது தெரியாதது அவமானத்துக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

மனைவி முழுவதையும் கேட்டு முடித்தார். "முப்பது வருஷமா ஒரு வேலை சொன்னா ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருக்கு. உங்களைப் போயா சொன்ன உடனே செய்யுற மெஷின்னு எழுதிக்கிட்டாங்க? அந்த ஆபீஸ்ல யாருக்கும் கண்ணு தெரியலைபோல. அவங்களை முதல்ல என் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் சிரித்தார். பிறகு நெடுநேரம் தடவித் தடவிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இறுதியில், எட்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், ஊசி எங்கே போய்விடப்போகிறது என்றார். அந்தப் பெருந்தன்மைதான் மணிக்காரரைக் கொன்றது.

இதற்கிடையில், இயக்ககத்தின் தலைவராகிய இயக்குநரே பள்ளிக்கு எழுந்தருளுகிறார், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சிக்கலைத் தீர்த்துக் காட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. நாள் அதே வியாழன், வேளை ஒன்பதரை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் வகுப்பு ஆசிரியை, இயக்ககம் அனுப்பிய அங்கீகரிக்கப்பட்ட சிக்கல்களின் பட்டியலைப் படித்தார். ரோபோ நிலவில் கல் பொறுக்குவது முதற் சிக்கல். அதைத் துண்டுகளாகப் பிரியுங்கள் என்றார்.

"டீச்சர், நிலாவுல கல்லு கிடந்தா யாருக்கு என்ன?" என்றாள் அப்புறம். "மணி மாமா பெட்டிக்குள்ள உக்காந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருக்கார். ஏன்னு கேட்டேன், கருவி பதில் சொல்லக் கூடாதாம். சீட்டு எழுதிப் போட்டேன், 'அழுவுற காரணத்தைச் சொல்லு'ன்னு. அப்புறம்தான் சொன்னார்."

காரணம் வகுப்புக்குத் தெரிந்தது. ஆசிரியை பட்டியலை மடித்து மேசையறையில் வைத்தார். கரும்பலகையைத் துடைத்தார். 'வியாழன் பதினொரு மணிக்கு மாமா, அத்தையோடு மருத்துவமனையில் இருக்க வேண்டும்' என்று எழுதினார். இரண்டு நாள் முப்பது பிள்ளைகளும் அச்சிக்கலைப் பிரித்தார்கள், அடுக்கினார்கள், கலைத்தார்கள், மீண்டும் அடுக்கினார்கள். அடிக்கொரு முறை அப்புறம் "அப்புறம்?" என்றாள். சுற்றறிக்கை எண்ணிய கல்வி, எண்ணிப்பாராத வகையில், அந்த இரண்டு நாளும் அவ்வறையில் மெய்யாகவே நடந்தது. மணிக்காரருக்கு இது எதுவும் தெரியாது.

வியாழக்கிழமை வைப்பறை முழுதும் நாற்காலிகள். இயக்குநர் உரையாற்றினார்.

"நான் சின்ன வயசுல ஒரு சிக்கலையும் தீர்த்ததில்ல. அதனாலதான் இந்தப் பதவிக்கு வந்தேன். ஒரு சிக்கல் என் மேசைக்கு வந்தா அதை ரெண்டாப் பிரிப்பேன். பாதியை மேல அனுப்புவேன், பாதியைக் கீழ அனுப்புவேன். மேசை சுத்தமாயிடும். இந்த வித்தையை எல்லாக் குழந்தைகளுக்கும் குடுக்கணும்கிறதுதான் எங்க கனவு."

கைதட்டல் அடங்கியதும் அப்புறம் எழுந்து வந்து, நான்காக மடித்த தாளைத் துளையில் போட்டாள். இணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மணிக்காரர் வெளியே வந்தார். தாளை எல்லோரும் கேட்க உரக்கப் படித்தார்:

'பெட்டியை விட்டு வெளியே வா. வாசல் வரை நட. கதவு பூட்டியிருந்தால் சாவி உன் பையில்தான் இருக்கிறது, திற. வீட்டுக்குப் போ. அத்தை கிளம்பவில்லை என்றால் அவசரப்படுத்தாதே, காத்திரு. அத்தையின் கையைப் பிடி. பேருந்தில் ஏறு. மருத்துவமனையில் கையெழுத்துப் போடு. அத்தைக்குக் கண் தெரியும் வரை கையை விடாதே.'

படித்து முடித்ததும் நடந்தார். வாசலைத் தாண்டினார்.

இணை இயக்குநர் பதறி எழுந்து, அந்தச் சிறுமியிடம் நிறுத்தச் சொல்லும்படி குனிந்து வேண்டினார். அவள் நிமிர்ந்து பார்த்து, "நிபந்தனை இன்னும் நிறைவேறலையே சார்," என்றாள். மற்ற இருபத்தொன்பது பேரும், தாங்களும் சேர்ந்தே எழுதியதாகவும் தங்களுக்கும் நிறுத்த மனமில்லை என்றும் தெரிவித்துக்கொண்டார்கள். இயக்குநர் ஏழாம் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெரிதும் மகிழ்ந்தார். தம் இயக்ககத்தின் விதி ஒன்று நடைமுறையில் இயங்குவதை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார். அது முடியும் வரை பின்தொடர்ந்து குறிப்பெடுக்குமாறு இணை இயக்குநரைப் பணித்துவிட்டு, சிக்கலின் மறுபாதியாகிய தம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

எனவே பேருந்தில் மூவர் ஏறினார்கள்: மணிக்காரர், அவர் கையைப் பிடித்த மனைவி, பின்னால் குறிப்பேட்டோடு இணை இயக்குநர். கூட வருவது யார் என்று மனைவி கேட்டார். பெரிய அதிகாரி என்றார் மணிக்காரர். "அவருக்கும் கண்ணா? பாவம்," என்றார் மனைவி.

அறுவை அறை வாசலில் செவிலியர் தடுத்தார். கணவர் உள்ளே வரக் கூடாது, கையை விடுங்கள் என்றார். அங்கே இணை இயக்குநர் முன்னால் வந்து நின்று ஏழாம் விதியை முழுமையாக ஒப்பித்தார். அதன் உரையையும் ஒப்பித்தார். உரைக்கு விளக்கம் தொடங்கியபோது மருத்துவரே வெளியே வந்து, இந்த மனிதர் வாயை மூடுவதானால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரட்டும் என்று சொல்லி, மணிக்காரருக்கு ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார். அவ்வாறாக, அந்த அதிகாரி தம் வாழ்நாளில் ஒரு நன்மை செய்தார். அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். மனைவி இரண்டொரு முறை இமைத்தார். சுவரைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், தம் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, அதன்வழியே மேலேறிக் கணவரின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நரைத்துவிட்டது என்றார். மணிக்காரர் விதிப்படி "முடிஞ்சது" என்றார்.

மனைவியின் பார்வை சட்டைப்பையில் வந்து நின்றது. "இதென்ன, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காம போட்டுக்கிட்டுத் திரியுறீங்க? ஊரு சிரிக்காது?" என்று நகத்தால் சுரண்டி எண்ணைப் பிய்த்தெடுத்தார். அது விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. பக்கத்தில் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் கோட்டுக் கையில் அழுத்தித் தேய்த்தார். போய்விட்டது.

இணை இயக்குநர் 'நிபந்தனை நிறைவேறியது, எட்டு நாற்பத்தைந்து' என்று எழுதிக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை.

அந்தக் கட்டளைத்தொடரில் திரும்பி வருவதற்குக் கட்டளை எழுதியிருக்கவில்லை. எதற்கும் "அப்புறம்?" என்று கேட்கிறவள், அந்த ஓர் இடத்தில் மட்டும் கேட்காமல் விட்டிருந்தாள். எனவே மணிக்காரர் மனைவியோடு வீட்டில் இருந்தார். கண்ணில் மருந்து விட்டார். மூன்றாம் நாள் அவர் மனைவி, விரலால் தடவாமல் கண்ணால் பார்த்தே ஊசியில் நூல் கோத்துக் காட்டினார்.

திங்கட்கிழமை இருப்புச் சரிபார்ப்பு. அலமாரி இருந்தது. உலக உருண்டை இருந்தது. நானூற்றுப் பதினேழு எங்கே என்று அதற்கும் வந்திருந்த இயக்குநர் கேட்டார். எல்லோரும் தேடினார்கள், அனைவரினும் மும்முரமாகத் தேடியவர் இணை இயக்குநர். பெட்டிக்குள் கையை விட்டு அவர் துழாவியபோது, தலைமையாசிரியை அந்தக் கோட்டுக் கையைப் பார்த்துவிட்டு, மெல்லத் தொண்டையைச் செருமினார்.

எண் எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அதுவே கருவி. விதியை இயற்றியவர் அதை மீறுவாரா? இணை இயக்குநர் தம் கையைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு, கூச்சத்தோடு பெட்டிக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்தார். முதல் சீட்டு வந்தது: 'சன்னலைத் திற.' வெளியே வந்து சன்னலைத் திறந்தார். "முடிஞ்சது," என்றார். அவர் முகத்தில் இதற்குமுன் யாரும் காணாத ஓர் ஒளி.

"முப்பத்தோரு வருஷம் கட்டளை வாங்கியிருக்கேன்மா. புரியுற மாதிரி ஒண்ணு வர்றது இதான் முதல் தடவை," என்றார்.

மணிக்காரர் என்ற காலியிடத்துக்கு விண்ணப்பம் கேட்டார்கள். ஒருவர் விண்ணப்பித்தார். முன் அனுபவம் இருபத்தாறு ஆண்டு என்று எழுதியிருந்ததால் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் மீண்டும் வேலையில் சேர்ந்த நாளன்று பிற்பகல் வானம் கறுத்தது. மணிக்காரர் மேலே ஒரு முறை பார்த்தார். சுத்தியை எடுத்து, ஐந்து நிமிடம் முன்னதாகவே மணியை அடித்தார். நூற்றிருபது பிள்ளைகளும் ஓடினார்கள். கடைசிப் பிள்ளை தெருமுனை திரும்பவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

வைப்பறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. "மணி முன்னாடியே அடிச்சுதே, யார் எழுதின கட்டளை அது?" என்று பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

"யாரும் எழுதலை சார். வெளிய வாங்க, அட்டை நனைஞ்சு உங்க மேல விழுந்துடப் போகுது," என்றார், அங்கே வந்து நின்ற மணிக்காரர்.

"சீட்டு எழுதிப் போடுங்க," என்றது பெட்டி.

மணிக்காரர், பிள்ளைகள் விட்டுப்போன பென்சில் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து, 'வெளியே வா' என்று எழுதினார். துளையில் போடப் போனவர், யோசித்து, தாளைப் பின்னுக்கு இழுத்து, 'வீட்டுக்குப் போ' என்று அதன்கீழே இன்னொரு வரி சேர்த்தார்.